உடைந்த சிம்னி

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன் நம் காரைக்குடி வீட்டுப் பின்வாசல் தெருவுக்குக் குப்பைவண்டி ஓட்டி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மெலிந்த ஆள். காக்கி அரைக்கால்சட்டை, தலையில் துண்டு. நாலைந்து வீட்டுக் குப்பையும் அங்கே ஒரே குவியலாகக் கிடக்கும். அள்ளுவதற்கு முன் குந்தி உட்கார்ந்து, வெறுங்கையால் துழாவி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போடுவார்.

“எதுக்கு இந்தப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இது உரமா வயலுக்குப் போகுதுங்கய்யா. நடவுக்கு இறங்குற பொம்பளைக செருப்பா போட்டிருக்காக?”

அதைக் கேட்ட பிறகும், உடைந்த விளக்குச் சிம்னியைச் சாம்பலோடு கலந்து கொட்டினேன். மறுநாள் அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

“இது யாரு வீட்டுதுங்கய்யா?”

“பக்கத்து வீட்டுது” என்றேன்.

அங்கே போய், கண்ணாடியைத் தனியே வைக்கும்படி பணிவாகத்தான் கேட்டார். “குப்பை அள்ளுற பய எனக்குப் புத்தி சொல்றியா?” என்று கத்திய அந்த வீட்டுக்காரர், துப்புரவு மேஸ்திரியிடம் புகார் சொல்லி அவரை வேலையிலிருந்தே நிறுத்தவைத்தார். எல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

கடைசி நாள், கட்டுப்போட்ட கையோடு என்னைக் கும்பிட்டார்.

“இந்தத் தெருவுல நீங்க ஒருத்தருதான் ஒழுங்காக் குப்பை போட்டீக. வாரேங்கய்யா.”

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தெரியாமல் சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போதுதான் அதிகமாக வலிக்கிறது.