டயருக்கு வைத்த கல்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சுடுகாட்டுப் பக்கம்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். இது நடந்தது பட்டப்பகலில், ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2001, டிசம்பர். இதை எனக்குச் சொன்னது, அனுபவித்த வேல்ராஜேதான். பொய் சொல்கிற ஆள் இல்லை.

வேல்ராஜ் சாத்தூர்க்காரர். ஸ்ரீபெரும்புதூரில் ரத்தினத்தின் டிராவல்ஸில் டிரைவராகச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. படப்பையில் வாடகை அறை. மனைவி சுகப்பிரியாவுக்கு ஏழு மாதம். இந்த வேலையும் போனால் ஊரில் தீப்பெட்டி ஆபீஸுக்கே திரும்ப வேண்டியதுதான். அதனால்தான், சனி இரவு முழுக்க ஒரகடத்து ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்தவரை ரத்தினம் மறுபடியும் டூட்டிக்குக் கூப்பிட்டபோது, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"கொரியாக்காரர காஞ்சிபுரம் இட்டுனு போய் சுத்திக் காட்டணும். ஏழு மணிக்கு."

"கண்ணு எரியுது மொதலாளி."

"நீ தூங்குனன்னு கெஸ்ட் கம்ப்ளெயின்ட் குடுத்தாருன்னா, அப்பால வேல கெடையாது. அந்த வெள்ளக் கார எடுத்துக்கோ. ஹேண்ட்பிரேக் புடிக்காது. எங்க நிறுத்துனாலும் டயருக்குக் கல்லு வெச்சுடு. ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்."

கொரியாக்காரர் பெயர் கிம். எட்டு மாதமாக இங்கேயே தங்கி மெஷின் பொருத்துகிற இன்ஜினியர். சிரித்த முகம். இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. பாதி கை ஜாடையில்தான் ஓடியது. கெஸ்ட் ஹவுஸ் வாசலில் வேல்ராஜுக்கு வணக்கம் வைத்தார். பிறகு, காலியாக இருந்த முன்பக்க இடது சீட்டுக்கும் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார்.

அவங்க ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று வேல்ராஜ் நினைத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் கிம் கோபுரம் கோபுரமாகப் படம் பிடித்தார். பட்டுச் சேலைக் கடையில் ஒரு மணி நேரம். மதியம் 1.20க்கு இளநீர்க்காரரிடம் மூன்று விரலைக் காட்டினார். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று? மூன்றாவதை எடுத்துப் போய்க் காரின் இடது ஜன்னல் வழியாக நீட்டினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கிளம்பும்போது அந்த இளநீர் சீட்டின் கீழே கிடந்தது. காலியாக. தூக்கம் சொக்குகிறவனுக்கு ஆராய்ச்சி எல்லாம் ஓடாது. வேல்ராஜ் அதைத் தூக்கி வெளியே போட்டார்.

பிறகு வேல்ராஜைக் காரோடு நிறுத்தி ஒரு படம். "க்ளோஸ், க்ளோஸ்" என்று கிம் கையை அசைத்தார். வேல்ராஜ் நகர்ந்தார். கிம் இல்லை என்று தலையாட்டினார். அவர் கை கூப்பிட்டது வேல்ராஜை இல்லை. வேல்ராஜுக்கு இடதுபக்கம் இருந்த வெறும் இடத்தை...

மணி 3.25. சுங்குவார்சத்திரம். வண்டியை ஓரம் கட்டி, டயருக்குக் கல் வைத்து, குழாயில் முகம் கழுவினார். வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

அதுவரைதான் ஞாபகம்.

டொக்.

டயரில் கல் மோதுகிற சத்தம். கண் விழித்தார். 4.10.

எதிரே தண்ணீர். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்...

செம்பரம்பாக்கம் ஏரி. ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர்!

அவர் உட்கார்ந்திருந்தது இடது சீட்டில்.

கார் சரிவில் நின்றது. நியூட்ரல். ஆனால் உருளவில்லை. இறங்கிப் பார்த்தார்.

முன் டயருக்கு அடியில் ஒரு கல். பாசி பிடித்த கல். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிம் கரையில் நின்று சந்தோஷமாக ஏரியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார்... ஹூ டிரைவ்?"

"யூ ஸ்லீப். பிரெண்ட் டிரைவ். குட் டிரைவர்!"

"பிரெண்டா? வேர் சார்?"

கிம் தண்ணீரைக் காட்டி, தலையில் நீர் ஊற்றிக் குளிப்பது போல ஜாடை செய்தார்.

"பாத்."

ஏரியில் ஓர் இடத்தில் மட்டும்... வட்டம் வட்டமாக அலை.

வேல்ராஜ் கிம்மை இழுத்துக் காருக்குள் தள்ளினார். ரிவர்ஸ் எடுத்தார். பின் சீட்டில் கிம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"வெயிட்! பிரெண்ட்! பிரெண்ட்!"

5.05க்கு ரத்தினத்தின் ஆபீஸ். ஏரி என்று கேட்டதும் ரத்தினம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பகலவன்னு ஒருத்தன் இந்த வண்டிய ஓட்டினு இருந்தான். போன வருஷம். நைட்டும் பகலும் டூட்டி. ஏரியாண்ட நிறுத்திட்டு அசந்து தூங்கிருக்கான். கல்லு வெக்கல... வண்டி உருண்டு ஏரிக்குள்ள பூடுச்சு. ஆளும் போய்ட்டான்."

"எந்த சீட்டுல இருந்தாரு?"

"லெப்ட்ல. சாஞ்சாப்ல."

"ஹேண்ட்பிரேக்கு?"

ரத்தினம் தரையைப் பார்த்தார்.

"அவன்கிட்டயும் ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்னுதான் சொன்னேன்."

வேல்ராஜுக்கு அழுகை முட்டியது. பயமா, கோபமா, அவருக்கே தெரியவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். படப்பை பஸ் ஏறினார். வேலை போயே போய்விட்டது.

பத்து நாள் கழித்து கிம்மிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரே ஒரு போட்டோ. பின் சீட்டிலிருந்து எடுத்தது. இடது சீட்டில் வாயைப் பிளந்து தூங்கும் வேல்ராஜ். முன் கண்ணாடிக்கு வெளியே மெயின் ரோடு, மிகக் கிட்டத்தில் எதிரே வரும் லாரி. ஸ்டியரிங் முன்னால் யாரும் இல்லை.

போட்டோவின் பின்பக்கம் கிம் இங்கிலீஷில் எழுதியிருந்தார். தெருவில் இருந்த ஒரு டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் வேல்ராஜ்.

"இடது பக்கம், வேல். வலது பக்கம், நண்பர். கூப்பிட்டதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்."