தொட்டியைச் சுத்தம் செய்த தையல்நாயகி

தையல்நாயகிக்குச் சுத்தப் பைத்தியம். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்குகிறவள். அப்படிப்பட்டவளுக்குத் திண்டிவனம் சாலை வார்னிஷ் கம்பெனியில் கிடைத்த வேலை, மக்கிய எருவுக்குத் தண்ணீர் தெளிப்பது.

கம்பெனிக்குப் பின்னால் பெரிய சிமெண்டுத் தொட்டி. உள்ளே மாட்டெரு, தென்னை நார்த்தூள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் தோல். வார்னிஷில் கலக்கும் தின்னரின் ஆவியைக் குழாய் வழியாக அடியில் விட்டால், மேலே வரும்போது நெடி இருக்காது. எருவிலுள்ள கிருமிகள் அதைத் தின்றுவிடுகின்றன என்றார் இன்ஜினியர் கிருஷ்ணசாமி. கிருமியாவது தின்னரைத் தின்பதாவது என்று பக்கத்துத் தெருவே சிரித்தது. ஆனால் எண்பத்தாறில் தொட்டி வந்தபிறகு அந்தத் தெருவுக்குத் தலைவலி விட்டது உண்மை. தையல்நாயகியின் வீடும் அங்கேதான்.

மறுவருடம் ஆயுத பூசைக்கு எல்லோரும் மெஷினைத் துடைத்தார்கள். தன் இடம் மட்டும் பூஞ்சை பிடித்துக் கிடப்பதா? யாரையும் கேட்கவில்லை. தொட்டியைக் காலி செய்து கழுவினாள். பழைய எருவை உள்ளூர் விவசாயி நடராசன் தன் கொல்லை நிலத்துக்கு வண்டியில் ஏற்றிப்போனார். புது நார்த்தூளும் தோலும் நிரப்பி, தொட்டிக்குப் பொட்டும் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பூசை முடிந்து மெஷின் ஓடியதும் நெடி தெருவுக்குள் வந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் காந்திமதி, குடித்த கஞ்சியையும் வாந்தியெடுத்தாள். கண்டமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை பெரியதம்பி சொல்லியனுப்பினார்: ஐப்பசி பிறந்ததும் வந்து அழைத்துப்போவாராம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்க வக்கில்லை என்று ஊர் பேசுமே. தையல்நாயகி அழுதேவிட்டாள்.

கிருஷ்ணசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். “பழைய எருவுலதாம்மா அந்தக் கிருமி இருந்துச்சு. கொஞ்சமாவது மிச்சம் இருந்தா கலந்து பாக்கலாம்.”

நடராசன் கொல்லைக்கு ஓடினாள்.

“இன்னா தையலு, குடுத்த குப்பையத் திருப்பிக் கேக்கறியா?” என்றார் அவர்.

“சிரிக்காதீங்கண்ணா. எம் பொண்ணு சோறு துன்ன முடியாம கெடக்குது. எருவ எறைச்சிட்டீங்களா?”

“மழ முடிஞ்சாத்தான ஏர் பூட்டறது. அதோ, குமிச்சது குமிச்சபடி கெடக்குது. அள்ளிக்கினு போ. ஆனா இனிமே தொடப்பத்த எடுத்துக்கினு அந்தத் தொட்டிப் பக்கம் போவாத.”

தையல்நாயகி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. ஈரம் காயாத அந்தக் கரிய குவியலை, இத்தனை நாள் முகம் சுளித்துத் தண்ணீர் தெளித்தவள், வெறுங்கையால் அள்ளிக் கூடையில் போட்டாள்.

புதுசோடு பழசைக் கலந்தார்கள். நெடி ஒரேயடியாகப் போகவில்லை. நாளுக்கு நாள் மட்டுப்பட்டது. தையல்நாயகி தெருமுனையில் நின்று மோந்து மோந்து பார்த்ததில் மூக்கே சிவந்துவிட்டது.

ஐப்பசி பிறந்தது. பையோடு வந்த பெரியதம்பிக்கு வாசலில் கருவாட்டுக் குழம்பு மணத்ததே தவிர வேறெதுவும் மணக்கவில்லை. காந்திமதி இரண்டாவது உருண்டைக் கேப்பைக் களியில் இருந்தாள்.

“கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார்.

“சாப்ட்டுக்கினு இருக்கறேன், தெரியல? கொழந்த பொறந்ததும் வந்து பாருங்க” என்றாள் அவள்.

தையல்நாயகி மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு வைத்தாள்.