ஐஸ் இல்லாத ஊரில் வாங்கிய ஐஸ் துளைப்பான்

பலேர்மோ நகரின் பிரான்காச்சோ பகுதியில் அந்தப் பட்டறைக் கடைக்குள் அன்று நின்றவர்கள் மூன்று பேர்: நான், அம்மாவின் தம்பியான என் மாமா, கடைக்கார மெக்கானிக். வராதவர்கள் இரண்டு பேர். யாருக்காக மெஷின் வாங்க வந்தோமோ அந்த மாப்பிள்ளை நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இருந்தார். அவரைக் கட்டப்போகிற என் அக்கா, கடற்கரையோரம் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில் சிப்பி கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் அங்கே இல்லை: ஐஸ். ஒக்டோபர் மாதம், பலேர்மோவில் எல்லோரும் இன்னும் அரைக்கைச் சட்டையோடுதான் திரிந்தார்கள்.

நாங்கள் வாங்கப் போனது உறைந்த ஏரியின் மேல் நின்று மீன் பிடிப்பவர்கள் ஐஸில் ஓட்டை போடும் மெஷின். மேலே பெற்றோல் எஞ்சின், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே திருகாணிபோல் சுழலும் நீள இரும்பு. சிசிலிக்காரர் அதே மெஷினால் நிலத்தைத் துளைத்து வேலிக்கம்பும் திராட்சைக்கொடியும் நடுவார்கள். திரிவெல்லா என்பார்கள். ஐஸில் அதை யாரும் வைத்ததில்லை.

இந்தக் கதை தொடங்கியது ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரெயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த தொலைபேசிக் கூண்டில். கலியாணம் ஜனவரியில் பலேர்மோவிலேயே என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை சீதனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது மாமாவை நிம்மதியாக இருக்க விடவில்லை. நான் பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்க, மாமா கேட்டார்:

"மாப்பிள்ளை, வேண்டாமெண்டு சொன்னது உங்கடை பெரிய மனசு. ஆனால் பிள்ளையை வெறுங்கையோடை அனுப்பினால் சனம் என்னைத்தான் கதைக்கும். ஏதாவது ஒண்டு கேளுங்கோ."

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. "அப்ப ஒரு ஐஸ் துளைக்கிற மெஷின் வாங்கித் தாங்கோ மாமா. இஞ்சை ஞாயிறு வந்தால் ஊர்ச்சனம் முழுக்க ஏரியிலைதான். எல்லாரிட்டையும் மெஷின் இருக்கு. நான் மட்டும் கையாலை திருகித் திருகித் தோள்மூட்டுப் போச்சு."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். மாமா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டிட்டார். இனி நீதான் பாக்கோணும். படிச்சனி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். ஊரில் ஐயா கிணறு வெட்டுகிறவர், கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள், என்னை உயர்தரம் வரை விட்டார்கள். அதனால் பலேர்மோவில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் முதல் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுவரை எல்லாம் என் கைக்கு வரும். ஆனால் ஒரு பொருளை நானே தெரிவுசெய்து, என் சொல்லை நம்பி வீடு காசு கொடுப்பது அதுவே முதல் தடவை.

அன்று பின்னேரம் செய்தியைக் கேட்ட அக்கா, "மாமாவுக்கு விசரே?" என்றாள். பிறகு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

"அந்த ஊரிலை ஞாயிறிலை வேறை என்ன இருக்காம்?"

"ஒண்டும் இல்லையாம். ஏரியும் ஐஸும்தானாம்."

"தமிழ்ச்சனம்?"

"அவர் ஒராள். இனி நீ."

அக்கா கத்தியை வைத்தாள். "அப்ப ஒண்டு சொல்லுறன், கேள். அவருக்குத் தோள் ஏலாது. மீன்பெட்டி தூக்கித் தூக்கித்தான் அது போனது, திருகினதாலை இல்லை. நான் கரையிலை குந்திக்கொண்டு அவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கப் போறதில்லை. நான்தான் துளைக்கப் போறன். எனக்குத் தூக்க ஏலுமான மெஷினாய், நான் கயிறு இழுத்தால் பத்துற மெஷினாய்ப் பார். அங்கை கொண்டுபோன பிறகு வேலை செய்யேல்லை எண்டால் நான் ஆரிட்டைத் திருப்பிக் குடுக்கிறது?"

அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இனி அந்த மெஷினில் இருந்தன. அதை விளங்கிக்கொண்டுதான் நான் பிரான்காச்சோவுக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. பெரியது இரண்டு ஆள் பிடிப்பது, நான்கு கைப்பிடி, இருபத்தைந்து சென்ரிமீற்றர் அகலமான திருகு. சின்னது ஒரு ஆளுக்கானது, ஒன்பது கிலோ, பதினைந்து சென்ரிமீற்றர் திருகு. மாமா நேரே பெரியதிடம் போய், மாட்டைத் தட்டுவதுபோல் அதன் முதுகைத் தட்டினார்.

"இதுதான். கலியாண மண்டபத்திலை வைச்சால் நாலு பேர் பாக்கோணும்."

"மாமா, இதைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும்."

"ரெண்டு பேர்தானே கலியாணம் கட்டீனம்?"

மெக்கானிக்குக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் மாமாவின் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து இரண்டு வட்டம் கீறினேன்.

"பாருங்கோ. விட்டம் பதினைஞ்சிலையிருந்து இருபத்தஞ்சாகக் கூடினால், தோண்டுற ஐஸ் ஏறக்குறைய மூண்டு மடங்கு. அவ்வளவையும் அக்கா தோண்டோணும். திருகு இடையிலை இறுகினால் மெஷின் கையை முறுக்கும். பெரிய மெஷின் அவரின்ரை மற்றத் தோளையும் கழட்டிப்போடும்."

"மீன் பெரிசாய் வந்தால்? ஓட்டைக்குள்ளை இறுகி நிண்டால்?"

"மாப்பிள்ளையிட்டைக் கேட்டனான். ஏரி மீனுக்குத் தலை இவ்வளவுதானாம்." விரல்களை மடக்கி என் முட்டியைக் காட்டினேன். "முப்பது சென்ரிமீற்றர் ஓட்டை போட்டால் மாமா வந்து பாக்கேக்கை அவர்தான் உள்ளை போவார் எண்டவர்."

மாமா கொஞ்சம் இறங்கினார், சின்னதையே எடுப்பது என்று முடிவானது. ஜனவரியில் ஐஸ் இடுப்பளவுக்குத் தடிக்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்ததால், திருகோடு பொருத்த ஒரு நீட்டுத்தண்டும் கேட்டேன். எஞ்சின் குளிரில் பற்றுமா என்று கேட்டேன். கையேட்டை அங்கேயே நின்று முழுவதும் வாசித்தேன். ஒன்றைத்தான் சரியாகக் கேட்கவில்லை. திருகின் நுனியில் தடித்த ஒரு கூர்முனை இருந்தது, மண்ணுக்குள் குத்தி இறங்குவதற்கு. இது ஐஸுக்குச் சரிவருமா என்றதற்கு மெக்கானிக், ஓகஸ்ட் மாதக் களிமண்ணையே துளைக்கும், ஐஸ் எம்மாத்திரம் என்றார். நான் தலையாட்டினேன். மாமாவுக்கும் அதையே தமிழில் விளக்கினேன். கிணறு வெட்டுகிறவரின் மகனுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. எங்கள் நிலத்தில் கெட்டியான எதையும் அலவாங்கால் குத்தித்தான் திறப்போம். ஐஸும் வெள்ளையான ஒரு கல் என்றே நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

ஒரு நல்ல வேலை செய்தேன். சோதித்துப் பார்த்த பிறகே முழுக்காசு என்று மெக்கானிக்கிடம் பேசிவைத்தேன்.

சோதிக்க ஐஸ் வேண்டுமே. அக்கா வேலை செய்த கடைக்குப் பக்கத்தில், படகுகளுக்கு ஐஸ் விற்கும் ஒரு கொட்டகை இருந்தது. சாப்பாட்டுக்கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை மத்தியானம் அங்கே போனோம். ஐஸ்காரர் ஆள் நீளத்தில் ஒரு கட்டியைத் தரையில் கிடத்தினார். எதற்கு என்று கேட்டார். கலியாணத்துக்கு என்று அக்கா சொன்னாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பற்றியது. நிமிர்ந்து நின்று திருகை ஐஸ் மேல் வைத்து விசையை அமுக்கினேன். திருகு சுழன்றது. கூடவே ஐஸ்கட்டியும் சுழன்றது. ஈரத் தரையில் அரைவட்டம் அடித்து வந்து மாமாவின் புதுச் சப்பாத்தில் மோதியது.

"ஐயோ! காலடா! கால்!"

எஞ்சினை நிறுத்தினேன். காலுக்கு ஒன்றும் இல்லை, சப்பாத்தின் முன்பக்கம்தான் வாய் பிளந்திருந்தது. மாமா ஒற்றைக் காலில் நின்றபடி, "ஏரி சுத்தாதெண்டு மாப்பிள்ளையிட்டைக் கேட்டனியோ?" என்றார். அக்கா சிரித்துச் சிரித்து மீன்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த தடவை கட்டியைச் சுற்றி மீன்பெட்டிகளை நெருக்கி அடுக்கி இறுக்கினோம். இப்போது கட்டி அசையவில்லை. ஆனால் திருகும் இறங்கவில்லை. கூர்முனை ஒரு விரல் ஆழத்துக்குக் குழி பறித்தது, அதற்குமேல் அந்தக் குழிக்குள்ளேயே நின்று சுழன்றது. முழுப் பாரத்தையும் கொடுத்து அமுக்கினேன். சுற்றிவர ஐஸ் கண்ணாடிபோல் மினுங்கியதுதான் மிச்சம். இன்னொரு கட்டி வாங்கினோம். அதுவும் அப்படியே.

ஐஸ்காரர் வாசலில் சாய்ந்து நின்று, நன்றாக மெழுகு போட்டிருக்கிறீர்கள் என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒரு முகம். "பெரிசை வாங்கியிருக்கலாம்."

"பெரிசும் இதைத்தான் செய்யும் மாமா" என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் ஏன் என்று தெரியவில்லை.

அக்கா எழும்பி வந்து அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தாள். "வா தம்பி" என்று என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தள்ளுவண்டியில் ஐஸ்கட்டியைச் சீவி, மேலே எலுமிச்சைப் பாகு ஊற்றி விற்பவர் நின்றார். கிராத்தாத்தெல்லா என்பார்கள். அக்கா இரண்டு சொன்னாள்.

"குடிக்கிறதை விட்டிட்டு அந்தாளின்ரை கையைப் பார்."

பார்த்தேன். அவர் கையில் ஒரு சின்ன உலோகப் பெட்டி, அடியில் சாய்வாக ஒரு தகடு. குத்தவில்லை, அமுக்கவும் இல்லை. இஸ்திரி போடுவதுபோல் மேலால் இழுத்தார், அவ்வளவுதான். ஐஸ் தானாகச் சுருண்டு பெட்டிக்குள் விழுந்தது.

"நாலு வருசமாய் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்" என்றாள் அக்கா. "சமையலறையிலையும் நான் ஐஸைக் குத்தினால் அது எங்கையோ தெறிக்கும். கத்தியைச் சாய்ச்சு இழுத்தால் வடிவாய் வரும். உன்ரை மெஷினிலை அலகே இல்லை. முள்ளுத்தான் இருக்கு."

ஐஸ் உருகிப் பாகோடு விரல் வழியே ஒழுகிக்கொண்டிருக்க, அந்த இடத்திலேயே கொப்பியைத் திறந்தேன். எனக்கு வெட்கம் வரவில்லை. எதை மாற்றவேண்டும் என்று இப்போது சரியாகத் தெரியும். வண்டிக்காரரிடம் கேட்டுத் தகட்டின் சாய்வை அளந்தேன். ஓவியம் கீறுகிறேன் என்று நினைத்து அவர் நிமிர்ந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் படத்தோடு பிரான்காச்சோவுக்குப் போனேன். கூர்முனையை அறுத்தெடுத்துவிட்டு, திருகின் அடியில் இரண்டு பக்கமும் தச்சரின் சீவுளி அலகைப் பொருத்தவேண்டும் என்றேன். மெக்கானிக் முதலில் தன் களிமண்ணைப் பற்றியே பேசினார். நான் ஐஸில் நடந்ததைச் சொன்னதும் படத்தைக் கையில் வாங்கினார். உருக்கி ஒட்டிவிடுகிறேன் என்றார். வேண்டாம், திருகாணி போட்டு முடுக்குங்கள், மழுங்கினால் அக்கா அங்கே கழற்றி மாற்றவேண்டும் என்றேன். சாய்வைப் பற்றி அரைமணி நேரம் வாதாடினோம். என் சாய்வே நின்றது. கடைசியில் அவர், எந்த இஸ்தித்தூத்தோவில், எந்தத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு இடம் கேள்விப்படவில்லை, ஆனால் அங்கே கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது கட்டி, மீன்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பலகைகளின் மேல். இந்தமுறை மாமா பழைய செருப்போடு வந்து, கொட்டகையின் மறுமூலையில் நின்றார். நான் மெஷினைத் தொடவில்லை. அக்கா பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு அதைத் தூக்கினாள். முதல் இழுப்பில் பற்றவில்லை. இரண்டாவதில் பற்றியது.

"அமுக்காதை அக்கா! சும்மா பிடி!"

"தெரியுமடா, தள்ளி நில்!"

வெள்ளைச் சுருள்கள் திருகின் வழியே ஏறி இரண்டு பக்கமும் குவிந்தன. தேங்காய்ப்பூப் போல. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டில் எஞ்சின் சத்தம் சட்டென்று லேசாகியது. திருகு அடிப்பக்கத்தால் வெளியே வந்திருந்தது. ஐஸ்காரர் கட்டியைச் சரித்து ஓட்டைக்குள் கையை விட்டு மறுபக்கத்தில் விரல்களை ஆட்டிக் காட்டினார். மாமா மூலையிலிருந்து நடந்து வந்தார். ஓட்டைக்குள் பார்த்தார். பிறகு அக்காவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மாப்பிள்ளை பாவம்" என்றார்.

ஜனவரியில் கலியாணம் நடந்தது. மெஷினை மண்டப வாசலில் வைக்கவேண்டும் என்ற ஆசையை மாமா கைவிடவில்லை. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மட்டும் எல்லோருமாகத் தடுத்தோம். வந்தவர்களுக்கு அத்தான் சிரித்தபடி, ஒரு கையால் தூக்கிக் காட்டினார். நல்ல தோளால். நாலாம் நாள் எஞ்சினைப் பெற்றோல் வடித்துத் துடைத்து, துவாய்களில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இருவரையும் ரெயில் ஏற்றினோம். திருகை அக்கா கையிலேயே வைத்திருந்தாள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைபேசி வந்தது.

"தம்பி, அஞ்சு ஓட்டை போட்டனான். பக்கத்திலை நிண்ட மனிசியின்ரை மெஷின் பத்தேல்லை. அவவுக்கும் ரெண்டு போட்டுக் குடுத்தனான். இனி ஒவ்வொரு ஞாயிறும் தங்களோடை வரட்டாம். என்ன பாஷையிலை சொன்னவ எண்டு கேளாதை, விளங்கினது."

"மீன்?"

"அத்தான் பிடிச்சவர். சின்னன். தலை உன்ரை முட்டியிலை பாதி."

மாமா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார். அதற்குள் அவர் தெரிந்த எல்லோரிடமும் மெஷின் பத்து லட்சம் லீரா என்று சொல்லி முடித்திருந்தார். உண்மையான கணக்கு என் கொப்பியில், அந்த இரண்டு வட்டங்களுக்குக் கீழே இருக்கிறது. மெஷின், நீட்டுத்தண்டு, சீவுளி அலகுகள், மூன்று ஐஸ்கட்டி, இரண்டு கிராத்தாத்தெல்லா, மாமாவின் சப்பாத்து, எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாலாயிரம் லீரா.