பேர் சொல்ல வராதவனுக்குக் குறை இல்லையாம்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நான் சேர்ந்த புதிது, எழுபதுகளின் தொடக்கம். எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். ஒருநாள் கிரேன்காரரைப் பார்த்து "நிறுத்து" என்று கத்த வேண்டிய நேரத்தில் "நி... நி..." என்று நின்றுவிட்டேன். தொங்கிய இரும்பு, கூட்டாளி ஏழுமலையின் தோளை உரசிக்கொண்டு போனது.

"பேசக் கத்துக்கோ நைனா. இன்சூரன்ஸுன்னு மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறானுங்க இல்ல?" என்றான் அவன்.

மெட்ராஸில் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்க, காப்பீட்டு மருத்துவரிடம் போனேன். அங்கேதான் முட்டாள்தனம் செய்தேன். பெரிய மனிதர் முன்னால் திக்கக் கூடாதென்று, எனக்கு வராத எழுத்துகளையெல்லாம் ஒதுக்கி நாலு வரி தயார் செய்து, ரயிலில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், தண்ணீர் மாதிரி ஒப்பித்தேன்.

அந்த மேதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லாத்தானே பேசுற? இங்க வியாதிக்குத்தான் வைத்தியம். நல்லாப் பேசி மேஸ்திரி ஆவறதுக்கு இல்ல" என்று சொல்லி, 'குறை இல்லை' என்று எழுதினார்.

வெளியே குமாஸ்தா பெயர் கேட்டார். என் பெயர் கன்னியப்பன். "க... க..." என்று வியர்த்தேன்.

"இன்னாய்யா, உன் பேரே உனுக்கு வரல?" என்று சிரித்தபடியே, அந்தக் 'குறை இல்லை' மீது முத்திரையைக் குத்தினார்.

அன்றிலிருந்து கிரேன் பக்கம் போனால் கழுத்தில் விசில் தொங்கும். அதற்கு எந்த மேதையின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அலுவலகங்களில் ஒப்பிப்பதையும் விட்டுவிட்டேன். முதலில் என் பெயரைத்தான் சொல்கிறேன், முழுசாகத் திக்கி. உட்கார்ந்து கேட்கட்டும்.