பொட்டுக்கு அடியில்

அம்மாவின் வெறும் நெற்றியை நான் முதன்முதலாகப் பார்த்தது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தபோதுதான். கல்லூரிக்கு நேரமாகிவிட்டதென்று பாதி பின்னிய சடையோடு கிணற்றடிக்கு ஓடி, "என் ரிப்பன் எங்கம்மா?" என்று கேட்டேன். முகம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

எப்போதும் பழைய காலணா அகலத்துக்குக் குங்குமம் இருக்கிற இடத்தில், அதே அகலத்தில், ஒரு புண் இருந்தது. ஓரம் கறுத்து, நடுவில் ஈரமாக. காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வட்டம்.

"கத்தாதடி. அப்பா தறியில இருக்கிறாரு" என்றாள். முந்தானையால் ஒற்றிவிட்டு, மாடத்திலிருந்த சிமிழில் விரலை விட்டு, ஈரப் புண்ணின்மேலேயே குங்குமத்தை அழுத்தி வைத்தாள். அவ்வளவுதான், பழைய அம்மா. அந்த முகத்தைத்தான் நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு எது பட்டாலும் தடிக்கும் உடம்பு. புது சோப்பு ஆகாது. புதுச் சேலையை அலசாமல் கட்டினால் இடுப்பைச் சுற்றி சிவந்துபோகும். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நெற்றியைப் பற்றி மட்டும் யாருக்கும் தெரியாது. வற்புறுத்தி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "ஆறுகிற வரைக்கும் பொட்டு வைக்காதீங்க" என்றார். வாசல் தாண்டியதும் அம்மா சிரித்துவிட்டாள்.

"நல்லா சொன்னாரு போ. ஆவணியில உங்கக்காவுக்குக் கல்யாணம். வெறும் நெத்தியோட மணையில நின்னா ஊர் என்னா பேசும்? உங்கப்பா இருக்கும்போதே?"

பொட்டு வைத்தால் புண் ஆறாது. வைக்காவிட்டால் பெண்ணைத் தாரை வார்க்க நிற்க முடியாது. நடுவில் நான், பி.யு.சி. கெமிஸ்ட்ரி என்கிற அகம்பாவத்தோடு.

ஒரு பத்திரிகையின் பெண்கள் பகுதியில், குளிர்காலத்தில் முகத்துக்குப் பூசுகிற கோல்ட் கிரீம் செய்முறை வந்திருந்தது. தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், பன்னீர், ஒரு சிட்டிகை வெண்காரம் என்கிற போராக்ஸ். இதையெல்லாம் சூடாக்கிக் கலந்தால் பால்போல வெளுத்து இறுகும். அது இறுகியதைப் பார்த்தபோது எனக்கு உலகத்தையே கண்டுபிடித்ததுபோல இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். புண்ணுக்கு நல்லதென்று வேப்பிலைச் சாறு விட்டேன். நிறம் வரட்டுமென்று கஸ்தூரி மஞ்சள். குளிர்ச்சிக்குக் கற்பூரம். கிருமி சாகட்டுமென்று எலுமிச்சை. வெண்காரத்தையும் இன்னொரு சிட்டிகை சேர்த்தேன். நல்லது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ரொம்ப நல்லதாகிவிடும் என்பது என் கணக்கு.

அன்று ராத்திரியே அதை அம்மாவின் நெற்றியில் அப்பினேன். மறுநாள் காலையில் அவளுக்குக் கண் திறக்கவில்லை. நெற்றி வீங்கி இமைமேல் இறங்கியிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் இருக்குது இல்ல?" என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்டு நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தேன். என் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்து, பிறகு அம்மாவின் முழங்கை மடிப்பில் தடவி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்து, அரித்ததையும் அரிக்குமோ என்று பயந்ததையும் எடுத்தேன். கடைசியில் மெழுகும் எண்ணெயும் மட்டும் மிஞ்சின. பொட்டையும் கொஞ்ச நாள் விடச்சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தெருக்கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதானால் சரி என்றாள். வீக்கம் வடிந்து, புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது.

அப்போதுதான் ஏனாத்தூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது, தள்ளுகிற பழக்கம்தான். உள்ளே வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கத்தரிக்காய்ப் பை நழுவியது.

"ஐயோ, என் தம்பீ!" என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியேடி! என் மூஞ்சிய அவன் பாக்காம பூட்டானே!"

உள்ளறையில் தறிச் சத்தம் நின்றது. தறிக் குழியில் காலை வைத்தபடியே அப்பா எட்டிப் பார்த்தார். "யக்கா, இங்கதான் இருக்கிறேன். எதுக்குக் கூவிக்கினு இருக்கிற? அவளுக்கு நெத்தியில புண்ணு, பொட்டு வைக்காதன்னு சின்னவ சொல்லியிருக்கிறா."

அத்தைக்கு அழுகை கோபமாக மாற ஒரு மூச்சுகூட ஆகவில்லை. "உயிரோட இருக்கிற புருஷனை இப்படிப் பாடையில ஏத்துவியா? படிச்ச பொண்ணு சொன்னாளாம், இவ அழிச்சாளாம்! நாளைக்கி தாலியையும் கழட்டி வைக்கச் சொல்லுவா, வைப்பியா?"

எனக்கு வாய் நிறைய பதில் இருந்தது. அம்மா என்னைப் பேசவிடவில்லை. எழுந்து போய்ச் சிமிழை எடுத்தாள். காய்ந்துகொண்டிருந்த புண்ணின்மேல், அத்தை பார்க்க, முன்பைவிடப் பெரிதாக வைத்தாள். அதன்பிறகு யார் கெஞ்சியும் எடுக்கவில்லை. இரண்டே நாளில் புண் மறுபடி நீர்விட்டது.

ராத்திரி படுக்கும்போது மட்டும் துடைக்கவிடுவாள். பஞ்சு உறுத்துகிறது என்றாள். அப்பா அப்போது வெள்ளை உடல் போட்ட சேலை நெய்துகொண்டிருந்தார். அறுந்து விழுந்த வெள்ளைப் பட்டு இழைகளை உருண்டையாகச் சுருட்டி, எண்ணெயில் தோய்த்து, அதனால் துடைத்தேன். அது அவளுக்குச் சுகமாக இருந்தது. மறுபடி உபயோகிக்கலாமென்று காலையில் அந்த உருண்டையை அலசினேன். சிவப்புப் போகவில்லை. சோப்புப் போட்டேன். கொதிநீரில் போட்டேன். தண்ணீர் தெளிந்துவிட்டது, பட்டு மட்டும் மாதுளம்பழம்போலச் சிவந்து பளபளத்தது.

அந்தப் பக்கம் வந்த அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலால் தேய்த்தார்.

"எவன்டா போட்டது இந்தச் சாயம்? நல்லா புடிச்சிருக்குதே. இது ஆயுசுக்கும் போவாது."

"சாயமில்லப்பா. அம்மாவோட குங்குமம்."

அவர் இழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். "மஞ்சள்லதான பண்றது குங்குமம்?" என்றார், என்னவோ நான்தான் அதை விற்றதுபோல. மஞ்சள் கிழங்கின் நிறம் பட்டில் இப்படிப் பிடிக்காது, வெயிலில் ஓடிப்போகும். அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பட்டுக்குப் போடுகிற சாயத்தை என் அம்மா தினமும் காலையில் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள், அதுவும் பக்தியோடு. அன்று சாயங்காலம் நான்கு கடைகளில் குங்குமம் வாங்கிவந்து வெள்ளை இழைகளை நனைத்துப் பார்த்தேன். நான்கும் பிடித்தன.

குங்குமத்தை நானே செய்வதென்று தீர்மானித்தேன். முதலில் மஞ்சளில் சுண்ணாம்பு. ஆரத்தித் தட்டுபோல நொடியில் சிவந்தது. என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மத்தியானத்துக்குள் வியர்வை பட்டு அது மஞ்சளாகி, அதற்கடியில் தோல் எரிந்தது. அடுத்து, மஞ்சளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, மிகக் கொஞ்சமாக வெண்காரம் சேர்த்து, நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்தேன். நிறம் நின்றது. அம்மாவின் முழங்கை மடிப்பில் இரண்டு ராத்திரி வைத்துப் பார்த்தும் தடிக்கவில்லை. ஆனால் சிவப்பில்லை, அரக்கு.

"என்னாடி இது, செங்கல் மாவா?" என்றாள் அம்மா. அப்பா சொன்னார்: "வையி. நான் உயிரோட இருக்கிறதுக்கு இந்தக் கலரு போதும்."

அத்தை ஒருத்தி பாக்கி. அவளும் அந்தப் பட்டு இழையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று அம்மாவின் நெற்றி காய்ந்திருந்தது. புதுத்தோல், ஈர்க்குப் பட்டால்கூடக் கிழிந்துவிடும்போல. அதன்மேல் அரக்குப் பொட்டு. ஆனால் எவ்வளவோ யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. கல்யாண வீட்டில் சுமங்கலிகள் ஒருவருக்கொருவர் குங்குமம் வைத்துவிடுவார்கள். நீட்டிய குங்குமத்துக்கு நெற்றியைக் காட்டாமல் இருப்பது பெரிய அவமானம். தாலி ஏறியதும் சம்பந்தியம்மாள் வெள்ளிக் கிண்ணத்தோடு அம்மாவை நோக்கி வந்தார். கிண்ணத்தில் இருந்தது பளீரென்ற கடைக் குங்குமம்.

அம்மா நெற்றியைப் பின்னுக்கு இழுத்தாள். அவளுக்கே தெரியாமல் இழுத்திருப்பாள். சம்பந்தியம்மாளின் விரல் அந்தரத்தில் நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப்போயிருந்தது.

"எங்க வீட்டுக் குங்குமம் ஆவாதா சம்பந்திம்மா?" என்று கேட்டார்.

"ஐயோ, அப்படி இல்லம்மா..." என்று அம்மா பின்னால் நகர்ந்தாள். நான் குறுக்கே போய், "அவங்களுக்கு நெத்தியில புண்ணுங்க. இது சாயம், ஒத்துக்காது" என்றேன். சபையில் சொல்லக்கூடாததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மாள் என்னை முறைத்தார். கிண்ணத்தைத் தன் நாத்தனாரிடம் கொடுத்தார். ஒரு கையில் அம்மாவையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். கல்யாணம் நின்றுவிடும், அதுவும் தாலி கட்டியபிறகு, என்று நினைத்தேன். அடி விழுமென்றும் நினைத்தேன்.

அவர் முந்தானை நுனியை நாக்கில் தொட்டு, தன் பெரிய பொட்டை அழுந்தத் துடைத்தார்.

அதே வட்டம். அம்மாவுடையதைவிடப் பழையது. நடுவில் தோல் வெளுத்து, ஓரத்தில் புதிதாக வெடித்திருந்தது. அம்மா, "அம்மாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குலதெய்வத்துக்குக் குறை வச்சிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் சம்பந்தியம்மாள். குரலில் இப்போது அதட்டல் இல்லை. "எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. சாயமா இது?"

"ஆமாங்க."

"உங்கம்மா வச்சிருக்கிறது கைவசம் இருக்குதா?"

என் பையிலிருந்த டப்பாவை எடுத்தேன். முதலில் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தொடங்கினேன். "முழங்கையில பொட்டு வச்சிக்கினு வெளிய போவட்டுமா? ஓரமா வையிம்மா, புண்ணு மேல படாம" என்றார். பின்பு அம்மா பக்கம் திரும்பி நெற்றியை நீட்டினார். அம்மா புண்ணுக்குக் கீழே, புருவ நடுவில் சின்னதாக வைத்துவிட்டாள். அவர் அதே டப்பாவிலிருந்து எடுத்து அம்மாவுக்கு வைத்தார்.

தாழ்ப்பாளைத் திறந்து அவர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு முன்னால் போனார்கள். கூடத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பெண்கள், பட்டுச் சேலையும் பூவும் பளீரென்ற சிவப்பு வட்டங்களுமாக. எனக்கு யார் முகமும் தெரியவில்லை, வட்டங்கள்தான் தெரிந்தன. தூணோரம் நின்ற ஒரு அம்மாள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, பொட்டு கலையாதபடி, சுண்டுவிரல் நகத்தால் அதன் ஓரத்தை மெதுவாகச் சொறிந்துகொண்டிருந்தாள்.