சுவரில்லாத வீட்டின் வாசல்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். ரயில் அண்ணனூர் தாண்டும்போதெல்லாம் ஜன்னலில் ஒரு பாழடைந்த பங்களா தெரியும். ஒருநாள் மத்தியானம் ஆசை தாங்காமல் தனியாகவே போய்விட்டேன்.

பக்கச்சுவர் சரிந்த இடத்தில் செங்கல் குவியல் மேல் ஏறி உள்ளே இறங்கினேன். கூரையில்லாத கூடத்தில் வெயில் தண்ணீர் மாதிரி தேங்கியிருந்தது. தூண் பொந்துகளில் கிளிகள். முற்றத்தில் ஆளுயர மருதாணி. யாரோ தூங்கும் வீட்டில் நடப்பதுபோல மெல்ல நடந்தேன்.

பின்பக்கக் குடிசைகளிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்தப் பக்கமும் சுவர் விழுந்துதான் கிடந்தது, நேராக உள்ளே வந்திருக்கலாம். அவளோ முட்புதரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். தனியாக நின்ற வாசல் நிலைக்குள், செருப்புக் காலோடு படியை மிதித்து வந்தாள்.

"பின்னாடியே வழி இருக்கே, எதுக்குங்க இவ்வளவு சுத்து?" என்று கேட்டேன்.

மருதாணியைப் பறித்துக்கொண்டே சிரித்தாள். "எங்கம்மா இந்த ஊட்டு நெலத்துலதான் நாத்து நட்டுச்சு. கடைசி வரிக்கும் கொல்லப்பக்கமாதான் வந்து நின்னுச்சு. நானும் அப்டியே வரணுமா, இன்னா?"

பிறகு என் முந்தானையில் இரண்டு கை இலையை அள்ளிப் போட்டாள். "அரைச்சு வெச்சுக்கோக்கா, நல்லா செவக்கும்."

திரும்பும்போது எனக்குச் சரிந்த சுவர்தான் பக்கம். ஆனாலும் சுற்றிப்போய் வாசல் வழியாகவே வெளியே வந்தேன். அன்றுவரை, வாசல் என்பது எனக்கு வெறும் வழி.