நான் கையெழுத்துப் போட்ட டீசல்

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மழைக்காலம் கழிந்திருந்தது. பூரணாங்குப்பத்துக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேருமிடத்தில் எங்கள் முதலாளியின் இன்ஜின் படகு, லாஞ்ச், நிற்கும். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சரக்குப் படகுகளை அதுதான் இழுத்துப் போகும். டீசல் ஊற்றுவது என் வேலை. ஊற்றுமுன் ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட வேண்டும். துறைமுக ஆபீஸின் புது உத்தரவு அது.

ஐப்பசிக் கடைசி. ஒரு வாரமாக வாடைக்காற்று ஓயவில்லை. அன்று காலை வந்த பீப்பாயின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைப் பாட்டிலில் பிடித்துப் பலகைமேல் வைத்தேன். சற்று நேரத்தில் டீசல் மேலே நின்றது. கீழே இரண்டு விரற்கடை தண்ணீர், துரு நிறத்தில். நாக்கில் வைத்தேன். கரித்தது.

முதலாளியிடம் நீட்டினேன். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

“மத்தியானம் கப்பல் கெளம்புது. இப்ப வுட்டா மூட்டையெல்லாம் கரையிலயே நனஞ்சிடும். துணியில வடிகட்டி ஊத்துபா.”

“உப்புத்தண்ணி துணியில நிக்காதுங்க. அலையில மிஷின் நின்னுட்டா இன்னா பண்றது?”

“எத்தினி வாட்டி ஓடியிருக்கு! கையெழுத்து போடு.”

போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

லாஞ்ச் ஓட்டுபவர் என் மனைவியின் அண்ணன். “இன்னா மாப்பிள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார். பின்னால் இரண்டு படகுகள், படகுக்கு நாலு பேர்.

கரையில் நின்று இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அலை உடையும் இடத்தில் அது இருமியது. மறுபடி பிடித்தது. பிறகு நின்றேவிட்டது. லாஞ்ச் மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. மச்சான் பின்பக்கம் ஓடி இழுகயிற்றை வெட்டுவது தெரிந்தது. படகுக்காரர்கள் துடுப்புப் போட்டு விலகிக் கரைப் பக்கம் திரும்பினார்கள். அடுத்த அலை லாஞ்சைக் கவிழ்த்தது.

அவரை இழுத்து வந்தபோது உயிர் இருந்தது. வலது கால் நசுங்கிக் கிடந்தது.

நாலாம் நாள் துறைமுக அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கட்டிலருகே நின்றேன். எண்ணெயில் குறையுண்டா என்று மச்சானைக் கேட்டார்.

“இருக்காது சார். எங்க மாப்பிள்ள பாத்துத்தான் கையெழுத்து போட்டாரு. நான்தான் மிஷின சரியா பாக்கல.”

அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“தண்ணி இருந்துச்சு சார்,” என்றேன். “தெரிஞ்சேதான் போட்டேன்.”

மச்சான் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசாரணையில் முதலாளியின் உரிமம் ரத்தானது. என் வேலையும் போனது. உறுவையாறு கிராமத்தில் கரும்பு வெட்டப் போனேன். மச்சான் பிழைத்தார், ஆனால் கடலில் இறங்கவில்லை. என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போவாள், வருவாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.